மூடி போடும் இடம்

பெயிண்ட் கம்பெனியில் அவரை எல்லாரும் கைமாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். பெல்ட்டில் நிற்கிற யாருக்காவது கழிப்பறை போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். அவர் ஓடி வந்து அந்த இடத்தில் நிற்பார். டப்பாவில் பெயிண்ட் நிரப்புவது, மூடி போடுவது, லேபிள் ஒட்டுவது, அட்டைப்பெட்டியில் அடுக்குவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தமாக ஓர் இடம் மட்டும் கிடையாது. "எல்லாரும் வாங்குறோம், யாரு திருப்பிக் குடுத்தோம்?" என்று அந்தப் பேரை வைத்த லேபிள்காரனே சிரிப்பான்.

அன்று கைமாத்துக்கே மாற்றாள் தேவைப்பட்டது.

மகள் கிளம்புகிறாள். எங்கோ தூரத்தில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி. விடுதியில் தங்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. அவர்கள் அனுப்பும் பஸ் இந்தப் பெயிண்ட் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகும். முந்தின நாள் சாப்பிடும்போது வாய்ச்சண்டை. "நான் நின்னு தேய்ஞ்ச மாதிரி நீயும் போய் நிக்கப் போறியா?" என்று அவர் கேட்க, "நீங்க என்னிக்கு வீட்ல உக்காந்தீங்க, சொல்றதுக்கு?" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். காலையில் அவள் எழுவதற்குள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். உள்ளே போகுமுன் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டப்போகிற நேரத்தில் செய்தி வந்தது: 'பஸ் உங்க கேட்டுல நிக்கும். வெளிய வாங்கப்பா.'

சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, மச்சான்தான். இறந்துபோன மனைவியின் தம்பி. இதே பெல்ட்டில் பக்கத்தில் நின்றவன், ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிட்டவன். வெள்ளைக் கோட்டு மாட்டிய அன்றே, "உள்ள சார்னு கூப்பிடுங்க மாமா, நாலு பேரு பாக்கறாங்க" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டான்.

"சார், கேட் வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

"உங்க இடத்துல யாரை நிறுத்தறது?"

"எனக்கு ஏது இடம்?"

"அதான் சிக்கலே. இடம் இருந்தா மாத்தி விடலாம். மாத்தற ஆளுக்கு மாத்தாள் போட வழி இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "விடுங்க மாமா, நானே போய்ப் பாத்துட்டு வரேன். எனக்கும் அக்கா பொண்ணுதானே."

மூடி போடும் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிற்கும் இடம் ஜன்னல் ஓரம். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். "பஸ் வந்ததும் நான் கையைத் தூக்கறேன். இங்க வந்து நில்லுங்க. முகத்தையாவது பாருங்க" என்றாள். அதற்காகக் காலையிலிருந்து கழிப்பறை போகாமல் அடக்கிக்கொண்டு நின்றாள். "என்னக்கா, தாங்குமா?" என்றான் லேபிள்காரன். "உன் வாய்க்கு மூடி போட்டுருவேன்டா."

பஸ் வந்தது. அக்கா கையைத் தூக்கிவிட்டு ஓடினாள்.

ஒரு மூடி. நிமிர்ந்து பார்த்தார். மகள் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றாள். தோளில் பழைய பை. இன்னொரு மூடி. மச்சான் வெள்ளைக் கோட்டோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. மூடி. அவன் ஏதோ சொல்கிறான், அவள் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். மூடி. அவள் தலையாட்டுகிறாள். மூடி. டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

கை தானாக அடுத்த மூடியை எடுத்தது. கீழே போட்டார். ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "ஏ பாப்பா! இங்க பாரு!"

மூடியில்லாத டப்பாக்கள் நகர்ந்து போயின. மூடியை அழுத்தும் இயந்திரம் முதல் டப்பாவுக்குள்ளேயே இறங்கியது. நீலப் பெயிண்ட் கூரைவரை தெறித்தது. பெல்ட் நின்றது.

மச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!"

"பாப்பா என்ன சொன்னா?"

"அப்பா எங்கன்னு கேட்டா. வேலையா இருக்காருன்னேன். புரிஞ்சிக்கிட்டா."

"புரிஞ்சிக்கிட்டாளா!"

துடைத்து முடித்து பெல்ட்டை ஓட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். எல்லாரும் கழிப்பறைப் பக்கம் போனார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. யாருக்கும் கைமாத்து தேவைப்படவில்லை. அவரும் கேட்டுக்கு நடந்தார். அவரையும் யாரும் தடுக்கவில்லை.

பஸ் போய்விட்டிருந்தது. மகள் நின்ற இடத்தில் நின்று கம்பெனியைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இருந்தது. கண்ணாடியில் வெயிலும் வானமும்தான் தெரிந்தன. உள்ளே ஆள் நிற்பதே தெரியவில்லை.

"துடைக்க ஆள் வேணும், வாங்க!" வாசலில் நின்று மச்சான் கத்தினான்.

அவர் அசையவில்லை. கூப்பிடட்டும். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடட்டும்.