ஆர்விட் வயலுக்கு வந்த ஏரி

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆர்விட் டோலெஃப்சனின் மக்காச்சோள வயலில் ஓர் ஏரி வந்து உட்கார்ந்தது. அந்த வாரம் சோயா விலை இறங்கியிருந்ததால் ஊரில் முதலில் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஏரி ஓர் அதிசயமில்லை. பத்தாயிரம் ஏரிகள் என்று கார் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். மிசிசிப்பி மகாநதியே வடக்கே ஓர் ஏரியிலிருந்து முழங்கால் ஆழத்தில்தான் புறப்படுகிறது. நடந்து வந்ததுதான் புதிது. அது கடந்து வந்த இடத்தில் நெடுஞ்சாலை ஈரமாக இருந்தது. பின்தங்கிவிட்ட இரண்டு வாத்துகள் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தன.

ஆர்விட் காப்பிக் கோப்பையோடு போய்ப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வந்தவரைப் போகச் சொல்லும் பழக்கம் கிடையாது. விருந்தாளி கிளம்பும் அடையாளமாகத் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தால், என்ன அவசரம், இருந்துவிட்டுப் போகலாமே என்று சொல்லியாக வேண்டும். அதை நம்பி யாரும் இருந்துவிடுவதில்லை. வாசலில் அரைமணி, கார் கதவருகே அரைமணி நின்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆர்விட்டும் வழக்கப்படி, "இருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். ஏரி அதை நம்பிவிட்டது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான். நான்காம் நாள் அவர் மனைவி மார்லிஸ், விதைக்க வேறு நிலமில்லை, போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள். ஆர்விட் போனார், காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்று ஏரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். எதையும் நேராகச் சொல்லிப் பழகாத மனிதர். பெண் கேட்டபோதுகூட, சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலி சும்மாவே கிடக்கிறது என்றுதான் சொன்னார். மார்லிஸ் தானாகப் புரிந்துகொண்டாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ரோபர்ட்டா, இந்த மண்ணின் பூர்வகுடியான ஒஜிப்வே இனத்தவள், பஸ்ஸை நிறுத்திப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நார்வேயிலிருந்து வந்த முதல் டோலெஃப்சன்கள் அந்தக் காலத்தில் மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடித்துவிட்ட ஏரி அது. அவளுடைய ஜனங்கள் அதில் தண்ணீரில் தானாக விளையும் காட்டரிசியை அறுத்தவர்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான், எங்கள் மாநிலச் சரித்திரத்தில் பாதி. "இது விருந்தாளி இல்ல ஆர்விட். வெளிய போயிருந்துச்சு, வீட்டுக்கு வந்திருக்கு" என்றாள்.

ஜூலையில் கொசு வந்தது. ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சியில் வருஷா வருஷம் வைக்கும் வெண்ணெய்ச் சிலைக்கு அந்த ஏரியைச் செதுக்கினார்கள், தட்டையாகத்தான் வந்தது. ஜனவரியில், மூச்சு மீசையிலேயே உறையும் குளிரில், ஊரே குடிசைகளை இழுத்துப் போய்ப் பனிக்கட்டிமேல் வைத்து, துளை போட்டு மீன் பிடித்தது. சுற்றுலாக்காரர்களுக்காக ஊராட்சி ஒரு ராட்சத மீன் சிலை நிறுத்தியது. அடுத்த வசந்தத்தில் ஏரி உரிமையோடு சமையலறைப் படிவரை வந்துவிட்டது. இரண்டு வருஷம் விதைப்பு இல்லை. அக்டோபரில் மார்லிஸ் பெட்டியைக் கட்டினாள். அரிசோனாவில் அக்கா வீடு இருந்தது. அங்கே தண்ணீரும் கிடையாது, பனியும் கிடையாது.

"ஏரி மேல எனக்குக் கோவமில்ல. ஒரு வார்த்த நேரா சொல்லத் தெரியாத ஆளோட எத்தன வருஷம் ஊகிச்சிக்கிட்டே இருக்கறது?" என்றாள்.

அவள் கிளம்பிய காலையில் ஏரியும் கிளம்பியது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே இருக்க அதற்குக் கூச்சமாகியிருக்க வேண்டும். கரைகளைப் பாவாடைபோலத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. அடியில் வயல் கன்னங்கரேலென்று தெரிந்தது. அப்படிப்பட்ட வளமான மண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆர்விட் கார் கதவருகே நின்று, என்ஜின் எண்ணெய் பார்த்தாயிற்று, சாலையில் மான் குறுக்கே வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துச் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. மார்லிஸ் வண்டியைக் கிளப்பினாள். அந்த மனிதர் அத்தனை பயந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"போகாத, மார்லிஸ். நீ இல்லாம என்னால முடியாது."

மார்லிஸ் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். நெடுஞ்சாலையில் பாதி ஏறிவிட்ட ஏரியும் நின்றது. சொன்னதை அப்படியே நம்பும் ஏரி. திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"சொன்னது உனக்கில்லன்னு அதுகிட்ட சொல்லேன்" என்றாள் மார்லிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆர்விட் மூழ்கிய வயலைப் பார்த்தார். "வேணாம். அதுவும் இருக்கட்டும்" என்றார்.

மறுவருஷ வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீலம் பூசினார்கள். செப்டம்பரில் ரோபர்ட்டாவின் ஆட்கள் ஓடங்களில் வந்து, கதிரைக் கோலால் தட்டிக் காட்டரிசி சேர்த்தார்கள். போகும்போது சமையலறைப் படியில் நின்று ஒரு மூட்டையை ஆர்விட்டிடம் நீட்டினார்கள். எது கொடுத்தாலும் மூன்று தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் மரியாதை. ஆர்விட் முதல் தடவையே வாங்கிக்கொண்டார். ஏரி நடந்து வந்ததை ஊர் எப்போதோ நம்பிவிட்டது. இதைத்தான் இன்னும் நம்பவில்லை.