டி டிரைவில் ஒளிந்தவை

"சி டிரைவ் மட்டும்தான் போவும்ங்கிற. அப்ப டி-ல இருக்கறது?"

"அது அப்படியே இருக்கும்மா. வைரஸ் கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கு, அவ்ளோதான்" என்றேன்.

"கடலூர்லேருந்து கம்ப்யூட்டர் பாக்க வந்த ஆளு மொத்தமா அழிச்சாத்தான் சரியாவும்னாரே, இசை?"

"அவருக்கென்ன, அப்புறம் உக்காந்து அழப்போறது நீதானே" என்றாள் தஹ்ஸீன்.

கடலூர்க்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மகள் தஹ்ஸீனின் வகுப்புத் தோழியான என்னை அண்ணாமலை நகரிலிருந்து லால்பேட்டைக்கு பஸ் ஏற வைத்திருந்தார் மெகருன்னிசா அம்மா. அழிக்க விடாததற்குக் காரணம் இருந்தது. டி டிரைவில் இருந்தது அவருடைய கணவரின் குரல்.

அப்துல் வதூது ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார். போனில் அவருக்குப் பேச்சே வராது. அறையில் தனியாக மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அரைமணி நேரம் பேசுவார். என்ன சமைத்தார், பக்கத்துக் கட்டில்காரர் எப்படிக் குறட்டை விடுகிறார், கடை வாசலில் எந்தப் பூனை குட்டி போட்டது, எல்லாம். அதைப் பென் டிரைவில் போட்டு ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அதிலேயே இன்னும் பத்துப் பேரின் குரலும் இருக்கும். லால்பேட்டைக்கு வந்ததும் அது வீடு வீடாகப் போகும். அவரவர் ஃபோல்டரை இறக்கிக்கொண்டு, பேரீச்சம்பழத்தோடு அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை வைரஸும் கூடவே போயிருந்தது. இது பதினோராவது வீடு. நிஜ ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் போலிகள் உட்கார்ந்திருந்தன.

அம்மா அடுப்படிக்குப் போனதும் தஹ்ஸீன் என் காதருகே குனிந்தாள்.

"டி-ல 'நோட்ஸ்'னு ஒண்ணு இருக்கு. அதை மறைச்சது வைரஸ் இல்ல, நான். எல்லாத்தையும் வெளிய கொண்டாறதுக்கு முன்னாடி அதை மட்டும் ஈ-க்கு மாத்திடு."

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலேஜில் நடந்த இன்டர்வியூவில் சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது; அந்த வேலைக் கடிதம்தான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் தமீம் அன்சாரியும் போன வருஷம் ஷார்ஜாவுக்கு, அத்தாவிடமே போய்விட்டான். இவளும் கிளம்பினால் இந்த வீட்டில் அம்மா ஒருத்திதான்.

"வேணாம்னு எழுதிட்டியா?"

"எழுதணும்."

"சொன்னா போகக்கூடாதும்பாங்களா?"

"'போ'ன்னுதான் சொல்லும். அதனாலதான் காட்டல."

சிடியைப் போட்டேன். சி-யை அழித்து, புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி ஏறத் தொடங்கியது. இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்றது திரை. கரண்ட் போய்விடக் கூடாதே என்று தன் பங்குக்கு அம்மா ஃபேனை நிறுத்தினார்.

"ஃபேனை நிறுத்துனா கரண்ட் போவாம இருக்குமாம்மா?" என்றாள் தஹ்ஸீன்.

"நம்ம வீட்டு கரண்ட் மிச்சமாவும்ல?"

வேர்வை வழிய, பையிலிருந்த மொழிபெயர்ப்பு நாவலைப் பிரித்தேன். பனி மூடிய ஒரு ரயில் நிலையத்தில், வராத ரயிலுக்காக ஒருவன் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருந்தான். அவனோடு நானும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தபோது, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அம்மா தோளை உலுக்கினார். ஒரு நொடி ரயில்தான் என்று நினைத்தேன். திரையில் பச்சைப் புல்வெளி தெரிந்தது.

டி-யைத் திறக்காமல், திரையின் கறுப்பு ஜன்னலில் கட்டளை எழுதி முதலில் போலிகளை அழித்தேன். பிறகு, மறைந்ததையெல்லாம் ஒரே வரியில் வெளிக்கொண்டுவரும் கட்டளையை அடித்தேன். என்டர் தட்டிய பிறகுதான் தஹ்ஸீனின் முகத்தைப் பார்த்தேன். ஈ-க்கு எதையும் நான் மாற்றியிருக்கவில்லை.

டி-யைத் திறந்தோம். நூற்று நாற்பது ஃபோல்டர்கள். அம்மா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக வாய்விட்டுப் படித்தார். "இது தமீம் போறதுக்கு முந்தின வாரம்... இது ரம்ஜான்ல அனுப்புனது... இது யாரு, நோட்ஸ்?"

"காலேஜ் நோட்ஸும்மா" என்றாள் தஹ்ஸீன்.

"சரி, திற. நோட்ஸும் உசுரோட இருக்கான்னு பாப்போம்."

மவுஸ் என் கையில்தான் இருந்தது. நாவல் ஒன்றில் என்றால் நான் ஏதாவது சாமர்த்தியம் செய்திருப்பேன். இங்கே திறந்தேன்.

அம்மா பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷ் கடிதத்தில் மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். சென்னை என்ற சொல்லைப் படித்தார். தேதியைப் படித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"வைரஸ் ஒளிச்சுது, சரி. நீ ஏன்டி ஒளிச்ச?"

"நீ தனியா இருப்பியேன்னு..."

"அதை இந்தப் பொட்டிகிட்ட சொல்லுவ, எங்கிட்ட சொல்ல மாட்ட?"

தஹ்ஸீன் அழுதாள். "ஸாரிடி" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தார். "சட்டை எல்லாம் எடுத்து வை, அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றார். ஹாஸ்டலில் சோறு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். சுமாராகத்தான் இருக்கும் என்றேன். "அப்ப ஊறுகா நெறையப் போடணும்" என்றார். தஹ்ஸீன் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. அங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா கூப்பிடும் நேரம்.

"வேணாம்மா, இன்னைக்கு சொல்லாத" என்று தஹ்ஸீன் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையை விடாமலேயே போனை எடுத்தார்.

"வ அலைக்கும் ஸலாம். சாப்ட்டேன். மழையெல்லாம் இல்ல. இன்னைக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. ஒங்க குரல் பூராவும் கெடச்சிடுச்சு. அதுல எத்தன தடவ 'அடுத்த வருசம் ஊருக்கே வந்துடறேன்'னு சொல்லிருக்கீங்கன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

சற்று நிறுத்தி, மகளைப் பார்த்தார்.

"தஹ்ஸீனுக்கு மெட்ராஸ்ல வேலை கெடச்சிருக்கு. திங்கக்கெழம சரின்னு எழுதப் போறா. கடைய தமீம் பாத்துக்குவான். இங்க பாருங்க, நீங்க வந்துடுங்களேன்."