வீமனுக்குச் சொன்னது

மட்டக்களப்பு வாவியிலும் அதற்கு அப்பாலுள்ள கடலிலும் மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடிய பிராணி ஒன்றுகூடக் கிடையாது. கரடியனாற்றிலிருந்து செட்டிபாளையத்துக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த கோணாமலை, வந்த கிழமையே இதைக் கண்டுபிடித்து, மாமனார் வீட்டு முற்றத்தில் வைத்து அறிவித்தான். கண்டுபிடிப்பதற்காக அவன் தண்ணீரில் இறங்கவில்லை. யானை வந்து போகும் வயல்வட்டையில் நெற்காவல் இருந்து வளர்ந்தவனுக்கு, மீன் நண்டுகளின் யோக்கியதையை உட்கார்ந்த இடத்திலிருந்தே அறியும் சக்தி தானாக வந்துவிடுகிறது.

"யானைக்கு ஒதுங்காதவன் மீனுக்கு ஒதுங்குறதா, மாமா?" என்றான்.

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மாமனார் வினாயகமூர்த்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "யானை நமக்கு முன்னால வரும், மருமகன். இதுகள் காலுக்குக் கீழ கிடக்கும்."

"காலுக்குக் கீழ கிடக்கிறதுக்கு ஆர் பயப்படுவான்?"

வினாயகமூர்த்தி அடுத்த கிழிசலைத் தேடி எடுத்தார். தண்ணீருக்குள் நின்று பழகினால் கரைவலை இழுக்கக் கூட்டிப் போகலாம் என்று மட்டும் சொன்னார். அது சாதாரணப் பேச்சல்ல. கடலில் வளைத்துப் போட்ட வலையை ஊரே சேர்ந்து கரைக்கு இழுக்கும் கரைவலையில் கயிறு பிடிக்காத மாப்பிள்ளை அந்த ஊரில் மாப்பிள்ளையே அல்ல, விருந்தாளி. விருந்தாளி எப்போது தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவான் என்று அயலார் விசாரிக்கத் தொடங்கினால், பெண்டாட்டிக்கு வெளியில் முகம் காட்ட முடியாது.

செட்டிபாளையத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கும் எவரும் பாதத்தைத் தூக்கி வைப்பதில்லை. அடிமணலோடு அரைத்து அரைத்துத்தான் நகர்வார்கள். திருக்கை என்று ஒன்று மணலைப் போர்த்துக்கொண்டு, பாய் விரித்ததுபோல் படுத்திருக்குமாம். மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் அடிக்குமாம். காலை அரைத்துக்கொண்டு போனால் அதுவே எழுந்து வழிவிடுமாம். கோணாமலைக்கு இந்த நடை மிகவும் பிடித்துப்போயிற்று. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினி வாசலிலிருந்து கிணற்றடிவரை அப்படியே நடந்து காட்டுவான். கோழிகள் சிதறி ஓடும்.

"கால்விலங்கு போட்ட மறியல்காரர் மாதிரி ஒரு ஊரே நடக்குது," என்பான்.

அவன் மனைவி அன்னப்பூரணி முதலில் சிரிப்பாள். பிறகுதான் அப்பா எங்கே என்று பார்ப்பாள்.

அவனுடைய மற்றப் பரிகாசம் மாமி சீதேவிப்பிள்ளையைப் பற்றியது. மாமியானவள் மருமகனோடு முகத்துக்கு நேரே பேசுவதில்லை. அவன் பிறந்த வீட்டுப் பக்கத்திலும் அதுதான் வழக்கம். ஆனால் அங்கே மாமிமார் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். சுவருக்குச் சொன்னது யாருக்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. சுவர் சோறு தின்பதில்லை, குளிக்கப் போவதுமில்லை. சீதேவிப்பிள்ளையோ வீட்டு நாயைப் பார்த்துச் சொன்னாள். நாயின் பெயர் வீமன். "வீமா, சோறு ஆறுது" என்றால் மருமகன் சாப்பிட வரவேண்டும். "வீமா, மழை வருது" என்றால் மருமகன் காயப்போட்ட சாரத்தை எடுக்கவேண்டும். இதுவரைக்கும் நல்லது. தொல்லை என்னவென்றால், வீமன் மெய்யாகவே ஒரு நாய். அதற்கும் சில விஷயங்களைச் சொல்லவேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் கோணாமலை மீன் தலையில் கை வைத்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வீமா, திண்டது காணும். எழும்பி அங்கால போ."

கோணாமலை எழும்பினான். கையைக் கழுவினான். அரைவயிறோடு வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நின்று, தான் செய்த குற்றம் என்னவாக இருக்கும் என்று யோசித்தான். அன்னப்பூரணி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏன் எழும்பின நீங்க?"

"உங்கட அம்மாதான் எழும்பச் சொன்னவ."

"அவ மெய்யா நாயைத்தான் ஏசினவ. அது சட்டிக்குள்ள தலையை விட்டிட்டு." மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பின்னேரமே கோணாமலை ஒரு சட்டம் போட்டான். நாய்க்குச் சொன்னது நாய்க்கே.

"இனி வீமனுக்குச் சொல்லுறது வீமனோட. நாயோட கதைக்கிற வீட்டில பொண்ணெடுத்தது மெய்தான். அதுக்காக நான் நாயாக ஏலாது."

மாரி வெள்ளம் வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டித் திறந்திருந்த காலம் அது. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடலோடு கூட, கடலில் உள்ளவையும் வந்துகொண்டிருந்தன. மாமனார் கரைவலைக்குக் கூப்பிடும் நாள் நெருங்கிவிட்டபடியால், தண்ணீரில் நின்று பழகவென்று கோணாமலை ஒரு காலையில் வாவிக்கு இறங்கினான். வீமனும் கூட இறங்கிற்று. கரையில் கண்டல் மரத்தடியில் சீதேவிப்பிள்ளை முதுகைக் காட்டியபடி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவன் முழங்காலளவுக்குப் போனபோது மாமி தலையைத் திருப்பினாள்.

"வீமா, அங்கால போகாத. காலைத் தூக்காத. அரைச்சு நட."

கோணாமலை வீமனைப் பார்த்தான். வீமன் நீந்திக்கொண்டிருந்தது. அதன் ஒரு கால்கூட நிலத்தில் இல்லை. நீந்துகிற நாயை அரைத்து நடக்கச் சொல்லும் மனுசியை நினைக்க அவனுக்கு இரக்கமாக இருந்தது.

"வீமா, கேக்குதா உனக்கு?" குரல் இம்முறை பலமாக வந்தது.

ஒருவேளை தனக்குத்தானோ என்று ஒரு கணம் நினைத்தான். மீன் தலை ஞாபகம் வந்தது. சட்டம் என்று போட்டபிறகு அதைத் தண்ணீரில் ஒரு மாதிரியும் தரையில் ஒரு மாதிரியும் பாவிக்க முடியாது. வலது காலை யானை தூக்குவதுபோல் நன்றாக உயரத் தூக்கி, கரையிலிருப்பவர்களுக்குத் தெரியும்படி முன்னால் வைத்தான்.

மணல் இருக்கவேண்டிய இடத்தில் மணல் இருக்கவில்லை. வழுவழுப்பாக ஏதோ அசைந்தது. அடுத்த கணம், குதிக்காலுக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய ஆணியை யாரோ அடித்து இறக்கினார்கள். சேறு கலங்கிற்று. பிறகு வாவி ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.

கோணாமலை கத்தவில்லை. தைரியத்தால் அல்ல. அவனுடைய கண்டுபிடிப்பின்படி அந்தத் தண்ணீரில் கொத்தக்கூடியது எதுவும் இல்லை. ஆகவே என்ன சொல்லிக் கத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை. நொண்டி நொண்டிக் கரைக்கு வந்து, இளைப்பாற வந்தவனைப்போல் மணலில் குந்தினான்.

"வீமா," என்றாள் சீதேவிப்பிள்ளை, சட்டியைப் பார்த்தபடி. "என்ன கொத்தினது?"

வீமன் உடம்பைச் சிலுப்பித் தண்ணீரைத் தெறிக்க விட்டது. கோணாமலை வாவியைப் பார்த்துச் சொன்னான்: "ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாட்டி ஏன் வீமா முகமெல்லாம் வேர்க்குது?"

நாய்க்கு முகம் வேர்ப்பதில்லை என்பது கோணாமலைக்குத் தெரியும். ஆகவே இது அவனுக்கு. அப்படியென்றால் முன்னே சொன்னதும் அவனுக்குத்தான். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போது நோவு முழங்காலுக்கு ஏறிவிட்டது. அவனையறியாமல் வாய் திறந்து, யானையைக் கண்ட காலத்தில்கூடப் போடாத ஒரு சத்தத்தைப் போட்டது.

சத்தம் கேட்டு அன்னப்பூரணியும் வினாயகமூர்த்தியும் ஓடி வந்தார்கள். வேலியோரம் சாரம் விற்றுக்கொண்டு போன, ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடிச் சரீப்பும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, காயத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது சொறி," என்றார் சரீப். "கண்ணாடிக் குடை மாதிரி மிதக்கும். கண்ணுக்குப் புடிபடாது. பட்டா நெருப்புத்தான். மண்ணைப் போட்டுத் தேய்ங்க புள்ள."

"தேய்க்காத," என்றார் வினாயகமூர்த்தி. "சொறியெண்டா தடிப்பு வரும், ஓட்டை விழாது. இது சுங்கான். செட்டையில முள்ளு வைச்சிருக்கிற மீன்."

"சுங்கான் வலையால எடுக்கக்குள்ள கையில குத்தும் முதலாளி. காலில என்னெண்டு குத்தும்?"

"காலால மிதிச்சாக் காலில குத்தும்."

"சுண்ணாம்பு பூசுவமா அப்பா?" என்றாள் அன்னப்பூரணி.

"புளி வைச்சுக் கட்டு."

"ரெண்டையும் சேர்த்தா?"

கோணாமலை மெல்லக் கேட்டான்: "பாம்பா இருக்குமா?"

எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"கடல்பாம்பெண்டா நோவாது தம்பி," என்றார் சரீப் கடைசியில். "கடிச்சதே தெரியாதாம். மறுகாதான் நாக்கு தடிக்கும், தாடை இறுகும், கதை நிண்டு போகும். உங்களுக்கு நோகுதுதானே?"

"நோகுது."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா நோகட்டும்."

அந்த நேரம் தொட்டுக் கோணாமலை தன் நோவைப் பாதுகாக்கத் தொடங்கினான். அது இருக்கும்வரை அவன் இருப்பான். அன்னப்பூரணி காலைத் தொட்டு "நோகுதா?" என்று கேட்கும்போதெல்லாம், சந்தோஷத்தோடு நோகுது என்றான்.

"வீமா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது, "தாங்கக்கூடிய சூட்டில தண்ணி வைச்சு அதுக்குள்ள காலை விடு."

இது நாயால் ஆகிற காரியமல்ல என்பதால் அன்னப்பூரணி ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டு வந்தாள். கோணாமலை காலை விட்டான். முதலில் சுட்டது. பிறகு, காலைப் பிடித்திருந்த கை ஒவ்வொரு விரலாக விட்டுவிட்டுப் போவதுபோல, நோவு இறங்கத் தொடங்கியது.

எல்லார் முகமும் தெளிந்தது, ஒன்றைத் தவிர.

"நோகுதா?"

"குறையுது," என்றான் கோணாமலை, சாகப்போகிறவனின் குரலில்.

தாடையை அசைத்துப் பார்த்தான். இறுகியதுபோல இருந்தது. நாக்கைப் பல்லுக்குள் உருட்டினான். தடித்ததுபோலவும் இருந்தது, எப்போதும் இவ்வளவு தடிப்புத்தானோ என்றும் இருந்தது. பிறந்ததிலிருந்து வாய்க்குள் வைத்திருந்த சாமானை அவன் ஒருநாளாவது அளந்து பார்த்ததில்லை. பேச்சு நின்றுவிட்டதா என்று பார்க்க, வாயில் வந்த சொல்லைச் சொன்னான்.

"யானை."

"என்ன யானை?" என்றாள் அன்னப்பூரணி, பயந்துபோய்.

"பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏத்துவம்," என்றார் சரீப். "இப்பதான் கல்லடியில பாலம் கிடக்கே. தோணிக்கு நிக்கத் தேவையில்ல."

"போய் என்ன கொத்தினதெண்டு சொல்லுற?" என்றார் வினாயகமூர்த்தி. "வாவியில ஒண்டுமில்லயெண்டு மருமகன்தானே சொன்னவர்." என்றாலும் மனிதர் கவலையோடுதான் எழும்பினார். அவரும் சரீப்பும் மாட்டுவண்டி தேடிப் போனார்கள். அன்னப்பூரணி இன்னும் கொஞ்சம் தண்ணீர் சுடவைக்க ஓடினாள். கரையில் மாமியும் மருமகனும் நாயும் மிஞ்சினார்கள்.

அவனைக் கொத்தியதைக் கண்டிருக்கக்கூடிய ஒரே ஆள் மாமி. அன்னப்பூரணி திரும்பி வரும்வரை பொறுத்து அவளைக் கொண்டு கேட்பிக்கலாம். அதற்குள் தாடை இறுகிவிட்டால் என்ன செய்வது? கோணாமலை தண்ணீரைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், சுவர் ஏதும் கிடக்குதா என்று பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"வீமா," என்றான்.

வீமன் காதை நிமிர்த்தியது. இந்த மனிதன் அதன் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நீ கண்டிருப்பாய்தானே. நீளமா இருந்ததா, தட்டையா இருந்ததா?"

சீதேவிப்பிள்ளை சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "தட்டையா ஒண்டு சேத்துக்குள்ளால எழும்பிப் போனது, வீமா. பாய் மாதிரி. வால் கிடந்தது."

"அதுதான் கொத்தினதா, வீமா?"

"அது தெரியாது வீமா. பக்கத்தில நீளமாவும் ஒண்டு அசைஞ்சது. அது அந்த வாலோ, வேற ஏதுமோ. தண்ணி கலங்கிட்டு."

வீமன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கிறுகிக் கிறுகிப் பார்த்தது. இவ்வளவு மரியாதை அதற்கு முன்பு கிடைத்ததில்லை. இப்போது எதற்குக் கிடைக்கிறது என்றும் விளங்கவில்லை.

"வீமா, நாக்கு தடிக்குது," என்றான் கோணாமலை.

"தடிச்ச நாக்கால இவ்வளவு கதைக்க ஏலாது வீமா," என்றாள் மாமி. "தண்ணி ஆறுது. காலை எடுக்காத."

வண்டி வந்தபோது கோணாமலை மரநிழலில் நித்திரையாகக் கிடந்தான். குறட்டை ஒழுங்காக வந்துகொண்டிருந்தபடியால் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

கால் ஆறியது. கொத்தியது எது என்பது மட்டும் தீரவில்லை. சரீப் சாரம் விற்கப் போன ஊரிலெல்லாம் அது சொறி என்றார். வினாயகமூர்த்தி சுங்கானைக் கைவிடவில்லை. கோணாமலையைக் கேட்டால் "கூர்க் கல்லு" என்றான்.

கரைவலை நாள் வந்தது. ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதத்தை அரைத்து அரைத்துக் கடலுக்குள் இறங்கினார்கள். மீனை இனம் பிரித்துத் தெரிக்க வந்த பெண்களோடு அன்னப்பூரணியும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் கோணாமலையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு எல்லாரும் பெரிய பிரயத்தனம் எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன மருமகன், யானையா நிக்குது?" என்றார் வினாயகமூர்த்தி, திரும்பாமலே.

கோணாமலை சாரத்தை மடித்துக் கட்டிக் கயிற்றைப் பிடித்தான். விளிம்பில் நுரைக்குள் நின்று, ஒரு அலை வந்து கணுக்காலை மூடும்வரை காத்திருந்தான். மூடியபிறகு பாதம் என்ன செய்கிறது என்பது கரையிலிருந்து தெரியாது. வலது பாதத்தை மணலைவிட்டு எடுக்காமல் ஒரு சாண் நகர்த்தினான். பிறகு இடது பாதத்தை.

பின்னாலிருந்து வீமன் பாய்ந்து வந்து, தண்ணீரை அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போயிற்று. கோணாமலை கழுத்தைத் திருப்பாமல், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"வீமா, காலைத் தூக்காத."