முட்டி என்று சொல்லி வந்தோம்

எங்கள் குடும்பத்தில் குடி கிடையாது. குடித்த ஒருவனை, என் சித்தப்பா மகனை, வீட்டு விசேஷம் எதற்கும் அழைக்கக் கூடாது என்று தீர்மானித்தவன் நான். ஆகவே என் கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது உயிரைப் பற்றிய கவலை எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு விளக்கி என்ன பயன்? ஊரில் வீடு வீடாக ஏறி அவரா விளக்கப்போகிறார்?

மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவருடைய ஈரல் கிடைத்தால் பொருத்தலாம். எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டதும் வந்து நிற்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சொன்னார்கள். மனைவிக்கு முட்டி ஆபரேஷன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"என் முட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

"முட்டின்னா யாரும் தப்பா பேச மாட்டாங்க."

"அப்ப உங்களுக்கு முன்னால நான் உறுப்பு தானம் பண்ணியாச்சு."

மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குழாய், மூடினால் புழுக்கம். கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவிடமும் முட்டி என்றே சொல்லி வைத்தேன். அதனால் என் மனைவி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்குவாள். தெருமுனை திரும்பியதும் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடப்பாள். வயிறு வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருபவன் நான்.

முகம் பார்த்துப் பேசும் அழைப்பில்தான் சங்கடம். ஒருமுறை வலது காலை முக்காலியில் தூக்கி வைத்து முனகினாள். அடுத்த முறை இடது காலை வைத்தாள். "அக்கா, அன்னைக்கு அந்தக் கால் இல்ல?" என்று என் தம்பி மனைவி கேட்டாள். "வலி இடம் மாறுதும்மா" என்றாள் இவள், கண் இமைக்காமல். அதோடு பழைய போனை அணைத்துப் பெட்டியில் போட்டேன். புது நம்பர் வாங்கி ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொடுத்தேன்.

அந்த நம்பர் முன்பு ஒரு கறிக்கடைக்காரருடையது என்று விற்றவன் சொல்லவில்லை.

"அண்ணே, ஈரல் இருக்கா?" என்று விடிந்ததும் ஆரம்பிப்பார்கள். மாமிசம் வாசல்படி ஏறாத வீட்டில் பிறந்தவன் நான். முதலில் விளக்கினேன், பிறகு அதட்டினேன், பிறகு 'ஈரல்' என்றதும் துண்டித்தேன். என் மனைவி எடுத்தால் வேறு மாதிரி. "நாங்களே அதுக்குத்தாங்க காத்துக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு முதல்ல கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பாள்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எங்களோடு ஒருவன் காத்திருந்தான், லாரி மெக்கானிக். கண் இரண்டும் மஞ்சள். "நான் குடிச்சுத்தான் கெடுத்தேன், பெருசு. மூணு ஈரல் இருந்தாலும் மூணையும் கெடுத்திருப்பேன். இப்ப விட்டு வருஷமாச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்வான். என்னையும் அவனோடு சேர்த்து எண்ணிவிடுவார்களே என்று பெஞ்சின் மறுகோடியில்தான் உட்காருவேன். என் மனைவி நடுவில் உட்கார்ந்து இருவரிடமும் பேசுவாள்.

ஒருநாள் காலை போன் அடித்தது. பழக்கமில்லாத பெண் குரல்.

"ஐயா, ஈரல் வந்திருக்கு. உடனே கிளம்பி வாங்க."

"எங்க வீட்டுல யாரும் ஈரல் தொடமாட்டோம்மா. வேணாம்."

"வேணாமா? ஐயா, நல்லா யோசிச்சு..."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வேற யாருக்காவது குடுங்க."

துண்டித்தேன். மறுபடி அடித்தது. அணைத்தே வைத்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "யாரு?" என்றாள்.

"கறிக்கடை. இப்ப அவங்களே கூப்பிட்டு விக்கிறாங்க. 'ஐயா, ஈரல் வந்திருக்கு, உடனே வாங்க'ங்கிறாங்க."

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "கறிக்கடையிலிருந்து உங்களை 'ஐயா'ன்னா கூப்பிட்டாங்க?"

"ஆமா."

"இத்தனை நாள்ல எவன் உங்களை ஐயான்னு கூப்பிட்டான்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளே போனை உயிர்ப்பித்தாள். அறைக்குள் சரியாகக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தடதடவென்று மாடிப்படி இறங்கித் தெருவுக்கே ஓடினாள். வீட்டுக்கார அம்மா வாயைப் பிளந்துகொண்டு அவள் முட்டியைப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.

"நோயாளி வேணாம்னு சொன்னதா டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்களாம். அடுத்த ஆளை வரச் சொல்லிட்டாங்களாம். வேணும்னு நீங்களே உங்க வாயால சொல்லணுமாம்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல ஐயா, சத்தமா சொல்லுங்க."

"எனக்கு ஈரல் வேணும்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அது என் ஈரல். யாருக்கும் குடுத்துடாதீங்க."

டாக்ஸியில் என் மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "யார் பெத்த பிள்ளையோ. அந்த வீட்டுல இப்ப அழுதுக்கிட்டு இருப்பாங்க" என்றாள். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

பெஞ்சில் மெக்கானிக் பையோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆள் அவன்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு நகர்ந்து இடம் விட்டான். "வேணாம்னீங்களாமே, பெருசு. கறின்னு நெனச்சீங்களாம். நர்ஸுங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

வரிசைப்படி எனக்குத்தான் என்று டாக்டர் வந்து சொன்னார். உள்ளே ஏதாவது சரிவராமல் போனால் மட்டும் அவனுக்கு. என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். அப்போது என் மனைவி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பிக்குச் சொல்லிட்டுப் போங்க."

"வந்து சொல்லிக்கலாம்."

"வரலைன்னா? என் முட்டி ஆபரேஷன்ல நீங்க செத்துட்டீங்கன்னு ஊர்ல போய்ச் சொல்லவா?"

வண்டி தள்ள வந்த நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. "நாள் பூரா இந்தப் பெஞ்சுல நான் தனியா உக்கார மாட்டேங்க. இத்தனை மாசம் உக்காந்தாச்சு."

போனை வாங்கினேன்.

"தம்பி, அண்ணிக்கு முட்டியில ஒண்ணும் இல்லடா. எனக்குத்தான். ஈரல். மாத்தப்போறாங்க, இப்பவே."

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. குடிச்சீங்களா?"

எதற்குப் பயந்து ஊரை விட்டு வந்தேனோ அந்தக் கேள்வி. கூடப்பிறந்தவனே கேட்டான். போன் சத்தம் பெஞ்சு வரை கேட்டிருக்க வேண்டும். மெக்கானிக் எழுந்து வந்து என் முகத்துக்கு மேல் குனிந்தான்.

"தம்பி, இவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிச்சது நான். அவர் ஈரலைத்தான் நான் எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அக்கா தனியா இருக்காங்க, கிளம்பி வாங்க."

"யாருண்ணா அது?" என்றான் தம்பி.

"நமக்கு வேண்டியவர்" என்றேன்.

"உங்க வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தையா?" என்றாள் மனைவி. கம்பியை விட்டுவிட்டு, மெக்கானிக்கோடு திரும்பிப் போய்ப் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.