வீட்டுக்குக் காப்பாளர்

பத்திரம் எழுதும் கடை பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் விஜயராணி. கர்ப்பப்பையில் வந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தில்லை நகர் டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு ஒரே வேலைதான் பாக்கி. சித்தாள் வேலை பார்த்து ஸ்ரீரங்கம் மேலூரில் கட்டிய வீட்டை, கண் மூடுவதற்குள் மகள் யாழினி பெயருக்கு மாற்றிவிட வேண்டும். யாழினி ஏழாவது படிக்கிறாள். மைனர். அவளுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பாளர் வேண்டும். செத்துப்போன புருஷனின் அண்ணன் வீட்டின் மேலேயே கண்ணாக இருக்கிறான். அதனால் தன் தம்பி கலையரசன் பெயரை யோசிக்காமல் சொல்லியிருந்தாள். பெண் பிள்ளைக்குத் தாய்மாமனைவிட வேறு யார்?

பத்திர எழுத்தர் சின்னையா கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார். “மைனருக்காகக் காப்பாளர், தாய்மாமன் கலையரசன். தம்பி, கோர்ட்டுல கேக்காம நீ இத விக்க முடியாது. அடமானமும் வைக்க முடியாது. தெரியும்ல?”

“நான் எதுக்குங்க விக்கிறேன்?” பக்கத்தில் நின்ற கலையரசன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். “பாப்பாவ நானே கட்டிக்கிறதுன்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு. வீடு எங்க போயிடப் போவுது?”

“முறைதானே,” என்றார் சின்னையா.

விஜயராணி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு முப்பது வயது. அவன் அடித்ததில் பல் உடைந்து உறையூரில் இருக்கும் அப்பன் வீட்டுக்குப் போன அவன் பெண்டாட்டி இன்னும் திரும்பவில்லை.

“அண்ணே, பேர மாத்துங்க. லிசின்னு போடுங்க. என்கூடக் கலவை சுமந்தவ. கூப்பிட்டா வந்துடுவா.”

“அவங்க உங்களுக்கு என்ன முறை?”

“ஒரு முறையும் கிடையாதுங்க. அதான் போடச் சொல்றேன்.”

சின்னையா கலையரசனைப் பார்த்தார். அவன் கோபப்படவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“உன் இஷ்டம்க்கா. யார் பேர வேணா போட்டுக்க. பத்திரத்துல வீடு மட்டும்தானே வருது.” பைக் சாவியை எடுத்தான். “முடிச்சிட்டு ஆட்டோல வந்துடு. நான் பாப்பாவ ஸ்கூல்லேருந்து அழைச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்.”

“ஸ்கூல் விட இன்னும் நேரம் இருக்குடா.”

“மாமன்னு சொன்னா அனுப்பிடுவாங்க. போன வாரம் அனுப்பினாங்களே.”

பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். வெளியே பைக் கிளம்பியது. மடியிலிருந்த போனை எடுத்து ஸ்கூல் நம்பரைத் தேடினாள்.

“லிசிக்கு அப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டார் சின்னையா.