ஆளுக்கு ஒரு பெட்டி

முன்பதிவு நண்பகலில் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். நிரஞ்சனா அதற்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். டாக்டர் காரணம் கேட்டபோது, "வீட்டு விஷயம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு வீடியோ கேம் வாங்க லீவு வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அது சாதாரண கேம் இல்லை, ஜென்டோ. அவள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அப்பா வாங்கித் தந்த, டிவியில் மாட்டி விளையாடும் சாம்பல் நிறப் பெட்டி. அவளும் தம்பி பிரேமும் பள்ளி விட்டு வந்தால் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். தொடக்கப்பள்ளியின் கடைசிப் பரீட்சையான பிஎஸ்எல்இ வந்த வருடம், அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அம்மா அதைப் பழைய பேப்பர்களோடு சேர்த்து, பழைய சாமான் வாங்க வரும் கருங்குனிக்காரனிடம் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ரிசல்ட் நல்லா வந்துச்சா இல்லையா?" என்றார். நல்லாத்தான் வந்திருந்தது. அதனால் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து, கம்பெனி அதே பெட்டியை அதே அளவில், உள்ளே பழைய விளையாட்டுகளோடு மறுபடியும் வெளியிடுகிறது.

செங்காங் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். பக்கம் திறந்ததும் ஒரு சின்ன மனித உருவம் திரையில் நடக்க ஆரம்பித்தது. 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்' என்றது. அந்த உருவம் நடந்துகொண்டே இருந்தது, எங்கும் போய்ச் சேரவில்லை. அவளுடைய கணவன் ஷங்கர், சுவா சூ காங் வட்டாரத்தில் வேலை பார்க்கிறான். உணவு இடைவேளையில் அவனும் தன் கைப்பேசியில் முயற்சி செய்வதாக ஏற்பாடு. அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"நிரஞ்சு, நான் உள்ள போயிட்டேன். கிரேயா, ஒயிட்டா?"

"ஏதோ ஒன்னு. அமுக்குங்க."

"அப்புறம் நீ கோவிச்சுக்குவ லா. நீ சின்னப் புள்ளையில வச்சிருந்தது கிரேதானே?"

"ஷங்கர், அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். இரு, ஓடிபி கேக்குது. உன் கார்டுதானே, உன் போனுக்குத்தான் வரும். சொல்லு."

அவள் போனில் அவன் பேசிக்கொண்டிருந்ததால் அதைக் காதிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எண்களைப் படித்தாள். மறுமுனையில் அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

"ஸ்டாக் முடிஞ்சிடுச்சு போலிருக்கு" என்றான் ஷங்கர்.

அவள் ஒரு காப்பி கலக்கிக் குடிப்பதற்குள், பழைய பொருள்களை விற்கும் செயலியில் ஜென்டோ வரிசையாக வந்துவிட்டது. 'புத்தம் புதுசு, சீல் பிரிக்காதது.' விலை மூன்று மடங்கு. படம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே, கம்பெனி விளம்பரத்தில் வந்த அதே படம். அவள் ஒருவனுக்கு எழுதினாள்: இன்னும் யார் கைக்கும் வராத பொருளை எப்படி விற்கிறீர்கள்? உடனே பதில் வந்தது: 'கன்ஃபர்ம் ஆர்டர் இருக்கு. வேணும்னா வாங்குங்க, வேணாம்னா விடுங்க.' கூடவே சிரிக்கிற முகம் ஒன்று. அவனை பிளாக் செய்தாள். சாயங்காலம் விலை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக பிளாக்கை எடுத்தாள். கூடியிருந்தது.

கம்பெனிக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவள் ஆர்வத்தைப் பற்றி அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு ஃபர்சானா அழைத்தாள். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பழைய கடைத்தொகுதியின் மேல்மாடியில் பழைய கேம்களும் கேசட்டுகளும் விற்கும் கடை அவளுடையது. நிரஞ்சனா அங்கே அடிக்கடி போய் எதையாவது வேடிக்கை பார்த்துவிட்டு வருவாள்.

"அக்கா, ஜென்டோ கொஞ்சம் வந்திருக்கு. புக்கிங் கெடையாது. ஞாயித்துக்கிழமை கடை தொறக்கறப்ப நேர்ல வரணும். ஆளுக்கு ஒன்னுதான்."

"எனக்கு ஒன்னு எடுத்து வைங்களேன்."

"உங்களுக்கு வச்சா எல்லாருக்கும் வைக்கணும் கா. சீக்கிரமா வந்து நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பும்போது ஷங்கர் போர்வைக்குள்ளிருந்து முனகினான். "அந்த ஆப்ல விக்கிறவன் கேக்கறதைக் குடுத்துட்டு வாங்கிடலாம் லா. எதுக்கு இந்தத் தொல்லை?"

"அவனுங்களுக்கு ஒரு வெள்ளிகூட அதிகமா குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, வேகமாக நடந்துபோய்ப் பார்த்தால், கடைத்தொகுதியின் மாடிப்படிகளில் ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள். தன் வயதில், தொப்பையோடு, கேம் படம் போட்ட சட்டை அணிந்தவர்கள் வந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படிச் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். குளித்துத் தலைவாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்ப நிற்பதுபோல் அமைதியாக நின்றார்கள். வரிசை மாறி வந்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

கடைசியில் நின்றவனிடம் கேட்டாள். "தம்பி, இது எதுக்கு லைன்?"

"தெரியலைங்க மேடம். ஏதோ பெட்டியாம். வாங்கிக் குடுக்கணும்."

"யாருக்கு?"

"ஒரு சாருக்கு. காசு அவரே குடுத்திட்டாரு. நிக்கிறதுக்கு ஒரு நாள் ஓவர்டைம் மாதிரி போட்டுத் தர்றேன்னாரு."

அவன் பெயர் அழகர்சாமி. சிவகங்கைப் பக்கம். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். வாரத்துக்கு அவனுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை நாள் இது. நிரஞ்சனாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அதை அவன் மேல் காட்ட முடியாது என்பதும் உடனே தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேலே ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. "என் இடத்தைப் பாத்துக்கறீங்களா?" என்றாள்.

"போயிட்டு வாங்க மேடம். யாரையும் விடமாட்டேன்."

ஃபர்சானா கல்லாவைத் திறந்துகொண்டிருந்தாள். நிரஞ்சனா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஃபர்சானா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படியேறும்போதே பாத்துட்டேன் கா. என்ன பண்ணச் சொல்றீங்க? ஆளுக்கு ஒன்னுன்னு போட்டேன். அவங்களும் ஆளுதானே? ஒர்க் பர்மிட்காரங்களுக்கு விக்க மாட்டேன்னு போர்டு எழுதி மாட்டவா?"

நிரஞ்சனா திரும்பி வந்தாள். அழகர்சாமி தனக்குப் பின்னால் அவளுக்கு இடம் விட்டு, கையை நீட்டிப் படியை மறித்தபடி நின்றிருந்தான்.

வரிசை நகர்ந்தது. மேலே போனவர்கள் ஒவ்வொருவராகச் சாம்பல் நிறப் பெட்டியோடு இறங்கி வந்தார்கள். சிலர் அதை அரிசி மூட்டைபோல் தோளில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது அவள் கண் அதன் பின்னாலேயே போனது.

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன மேடம் இருக்கு?" என்று அழகர்சாமி கேட்டான்.

"கேம். டிவில போட்டு விளையாடறது."

"பசங்களுக்கு வாங்கறீங்களா?"

"எனக்கு."

அவன் சிரிக்கவில்லை. சரி என்பதுபோல் தலையாட்டினான்.

கடைக்குள் நுழைந்தபோது அலமாரியில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதை ஃபர்சானா எடுத்து அழகர்சாமியிடம் கொடுத்தாள். பிறகு நிரஞ்சனாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "தீர்ந்துடுச்சு கா."

படியில் இறங்கும்போது நிரஞ்சனா அவனைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அவர் நிக்கிறதுக்குத் தர்றதைவிட ரெண்டு மடங்கு தர்றேன். பெட்டி விலையும் தனியா தர்றேன். எனக்குக் குடுத்திடுங்க."

அழகர்சாமி தர்மசங்கடத்தோடு பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அவரு காசுல வாங்கினது மேடம். உங்களுக்குக் குடுத்தா அது திருட்டுல்ல? அப்புறம் என்னைத் தேடி வருவாரு."

அவன் சொன்னது நியாயம்தான். அன்று காலையிலிருந்து எல்லாரும் நியாயமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் பெட்டி கிடைக்கவில்லை. "சரி, நானும் வர்றேன். யாரு அந்த சாருன்னு பாக்கணும்" என்றாள்.

பின்புறக் கார் நிறுத்தத்தில், டிக்கி திறந்திருந்த ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் நின்று, வருகிற பெட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு, காதில் இயர்போன். கடைவாய்ப்பல் வலி என்று கிளினிக்குக்கு வந்து, ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிற பையன்களைப் போல்தான் இருந்தான். நிதீஷ் என்று யாரிடமோ போனில் தன் பெயரைச் சொன்னான். போன மாதமெல்லாம் அவள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த முகம் இதில்லை.

"தம்பி, உங்களுக்கு இந்த கேமெல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்கா? இல்லக்கா. போன மாசம் ஷூ வாங்கினேன், அதுக்கு முன்னாடி கான்சர்ட் டிக்கெட். எது ஓடுதோ அது. உங்களுக்கு ஒன்னு வேணுமா?"

"வேணும்னு ஆசைப்படறவங்களுக்குக் கெடைக்காமப் போவுதே, அதைச் சொல்ல வந்தேன்."

"கெடைக்குதேக்கா" என்றான் நிதீஷ். "என்கிட்ட கெடைக்குது."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குப் பட்டது.

நிதீஷ் பணம் கொடுக்க ஆரம்பித்தான். முதலில் வாங்கியவர் நோட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். அடுத்தவரும் நின்றார். பேசியதில் பாதிதான் இருந்தது.

"சீக்கிரமே முடிஞ்சிடுச்சுல்ல? ஹாஃப் டே கணக்குதான்" என்றான் நிதீஷ்.

அழகர்சாமி தன் பெட்டியை நீட்டவில்லை. "முழு நாள்னு பேசினோம் சார்."

"பேசினது வேற, நடந்தது வேற. குடுங்க லா."

"முழுசாக் குடுத்தா தர்றேன் சார்."

நிதீஷ் இயர்போனைக் கழற்றினான். "உங்க கம்பெனிக்கு போன் போடவா? லீவு நாள்ல வெளிய வேலை பாக்கறீங்கன்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

பர்மிட்டில் இருப்பவர்கள் வெளியே காசுக்கு வேலை செய்யக்கூடாது என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அழகர்சாமியின் கை பெட்டியின் மேல் இறுகி, பிறகு தளர்ந்தது.

"போடுங்க" என்றாள் நிரஞ்சனா.

"அக்கா, இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"போட்டுச் சொல்லுங்க. வேலை குடுத்தது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்." கைப்பேசியை எடுத்துக் காரின் நம்பரைப் படம் எடுத்தாள். உண்மையில் அவள் யாரையும் அழைக்கப் போவதில்லை. அழைத்தால் முதலில் மாட்டிக்கொள்வது இவர்கள்தான். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையிலும் அந்தப் பயம் இருந்தது. அது நிதீஷுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய வேண்டுதல்.

அவன் அவளையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு மீதிப் பணத்தை எடுத்தான். எல்லாருக்கும் கொடுத்தான். அழகர்சாமி எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பெட்டியை நீட்டினான். அந்தக் கடைசிப் பெட்டி டிக்கிக்குள் போவதை நிரஞ்சனா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

மற்றவர்கள் நகர்ந்ததும் நிதீஷ் குரலைத் தணித்தான். "அக்கா, அந்த போட்டோவை டிலீட் பண்ணிடுங்க. உங்களுக்கு ஒன்னு கடை விலைக்கே தர்றேன்."

பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொழிலாளர்களுக்குப் பணம் வந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவள் வாயைத் திறந்தாள். வாங்கினால் இவனுக்கு 'தேங்க்ஸ்' சொல்ல வேண்டிவரும் என்ற நினைப்பு வந்தது.

"வேணாம்" என்றாள். அவன் எதிரிலேயே படத்தை அழித்துவிட்டு நடந்தாள்.

தெருமுனையில் அழகர்சாமி நண்பர்களோடு நின்றிருந்தான். "அக்கா, டீ சாப்பிடுங்க" என்று கூப்பிட்டான். கடை ஓரமாக நின்று குடித்தார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது.

"சின்ன வயசுல எங்க தெருவுலயும் ஒருத்தர் வீட்டு டிவில கேம் இருந்துச்சு. சண்டை போட்டுக்கிட்டு ஆடுவோம். அது மாதிரியாக்கா இது?"

"அது மாதிரிதான்."

"அதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றான் அவன்.

"அதேதான் என் வீட்டுக்காரரும் கேக்கறார்" என்றாள் நிரஞ்சனா. முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, ஷங்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடை விலைக்குத் தர்றேன்னு சொன்னானா? நீ வேணாம்னியா?"

"ஆமா."

அன்று மதியம் சமையலை அவனே செய்தான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்னால் கம்பெனி இன்னொரு பெரிய தொகுதியை வெளியிட்டது. இந்தமுறை வரிசையும் இல்லை, நடக்கிற உருவமும் இல்லை. கிளினிக்கில் டீ இடைவேளையில் பட்டனை அழுத்தினாள். 'வாங்கிவிட்டீர்கள்' என்றது திரை. பழைய பொருள் விற்கும் செயலியைத் திறந்து பார்த்தாள். சீல் பிரிக்காத ஜென்டோக்கள் கடை விலைக்கும் கீழே இறங்கியிருந்தன. ஒருவன் டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தான். நிதீஷாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தனை நாள் பட்ட எரிச்சலுக்கு அது போதாது என்று தோன்றியது.

பெட்டி வந்த சனிக்கிழமை, ஷங்கர் ஒயரை மாட்டிக்கொடுத்தான். முதல் கட்டத்தில், முதல் பள்ளத்திலேயே அவள் விழுந்தாள். மறுபடி ஆடி, அதே இடத்தில் விழுந்தாள். கட்டைவிரல் வலித்தது.

"படம் ரொம்ப மங்கலா இருக்கே. இது அவ்வளவு நல்ல கேமா?" என்று கேட்டான் ஷங்கர்.

"பேசாம அந்தக் கன்ட்ரோலரை எடுங்க" என்றாள் நிரஞ்சனா.