சுட்ட பிறகும் நடந்த கரடி

கோடியாக் தீவின் தெற்குக் கோடியில் உள்ள ஊசிமுனை விரிகுடாவில், கரடியின் காலடித் தடம் கரடிக்கு ஒரு நாள் முன்னதாகவே விழுந்துவிடும். இன்று காலை பத்து மணிக்கு மணலில் லேசாகப் பதியும் தடத்தில் நாளை காலை பத்து மணிக்கு அந்தக் கரடி வந்து கால் வைக்கும். தடம் அப்போதுதான் ஆழமாகும். அங்கே குடியிருந்த பதினொரு குடும்பங்களும் அதைப் பார்த்துத்தான் துணி காயப்போட்டார்கள், மீன் உலர்த்தும் கொட்டகைக்குத் தாழ் போட்டார்கள், பிள்ளைகளை எந்த வழியாகப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், பக்கத்து விரிகுடாவில் அப்படிக் கிடையாது, இங்கே அப்படித்தான் என்பார்கள். வேட்டைக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் நிகிஃபோருக்கு இதில் ஒரு வசதி இருந்தது. எந்தத் தடம் நடுவழியில் நின்றுபோகிறதோ, அந்தக் கரடி மறுநாள் அதே இடத்தில் சாகப் போகிறது என்று அர்த்தம். நின்றுபோன தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வேட்டைக்காரரை மறுநாள் அதற்கு எதிரே உட்காரவைப்பதுதான் அவன் வேலை. நிற்காமல் போகும் தடத்தின் கரடியை அவன் யாரையும் சுடவிட்டதில்லை. அவன் அப்பாவும் விட்டதில்லை.

டெல்மா வடக்கு டகோட்டாவில் ஒரு கடையின் இறைச்சிப் பிரிவில் இருபத்தாறு வருடம் கத்தி பிடித்தவள். கோடியாக் கரடி வேட்டைக்கு அரசாங்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். பத்தொன்பது வருடம் அவள் விண்ணப்பம் போட்டாள், பத்தொன்பது குளிர்காலம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தாள். மான் சுடப் போகும்போதெல்லாம் இது ஒத்திகை என்று சொல்லிக்கொள்வாள். கணவன் ஆர்லின், "அந்தக் கரடியும் வருஷா வருஷம் தபால்பெட்டிய தொறந்து பாக்குது போல. ரெண்டு பேருக்கும் அதிர்ஷ்டமில்ல," என்பான். இருபதாவது வருடம் பெயர் வந்தது. அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வலக்கண்ணில் புரை படர ஆரம்பித்திருந்தது. இடக்கண்ணால் குறிபார்க்க மூன்று மாதம் பழகிவிட்டு, ஏப்ரல் நடுவில், தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில் ஊசிமுனைக்கு வந்து சேர்ந்தாள். கரையில் இறங்கியதும் அவள் பூட்ஸுக்கு முன்னால் ஒரு சாண் அகலத் தடம் ஒன்று தானாகப் பதிந்ததைப் பார்த்தாள். கரடியைக் காணோம். "நாளைக்கு வரும்," என்று சொல்லிவிட்டு நிகிஃபோர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பதினைந்து நாள் வேட்டை. நிகிஃபோரின் அக்கா பரஸ்கோவா கூடாரத்தில் சமைத்தாள்: சால்மன் மீனையும் சோற்றையும் மாவுக்குள் மூடிச் சுட்ட பிரோக், கெட்டி பிஸ்கட், கறுப்புத் தேநீர். நாள் முழுக்க நிகிஃபோரும் டெல்மாவும் மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியால் பனிச்சரிவைத் துழாவினார்கள். குகையிலிருந்து கரடிகள் இறங்கிவந்தன. முப்பது தடங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள், ஒன்றுகூட நிற்கவில்லை. முப்பதும் புதர்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அடுத்த மலைக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்த வசந்தத்தில் ஊசிமுனையில் சாகிற உத்தேசம் எந்தக் கரடிக்கும் இல்லை. பதினோராம் நாள் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது டெல்மா கேட்டாள்:

"நிக்காத தடத்தோட கரடிய சுட்டா என்ன ஆகும்?"

"யாரும் சுட்டதில்ல," என்றான் நிகிஃபோர்.

"அப்போ என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாது. அதனாலதான் சுடறதில்ல."

அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த பரஸ்கோவா திரும்பாமலே சொன்னாள்: "அவங்கிட்ட போய் கேக்கறீங்களே. அவன் கல்யாணத்துல பாதிரியார் கேட்டதுக்கே பதில் சொல்ல கால்மணி நேரம் எடுத்துக்கிட்டான்."

பதினைந்தாம் நாள் பிற்பகலில், முந்தின நாள் விழுந்த தடத்தின் மேலேயே கால் வைத்து, ஒரு பெரிய ஆண் கரடி ஆற்றோரமாக வந்தது. முதுகு ரோமம் காய்ந்த புல் நிறம். தொண்ணூறு அடி தூரம், காற்று எதிர்த்திசை, வெயில் முதுகுப் பக்கம். அதன் தடம் அவர்களைக் கடந்து பள்ளத்தாக்குக்குள் ஏறிப் போவது மேட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது. "வேணாம். தடம் போயிட்டே இருக்கு," என்றான் நிகிஃபோர், தாழ்ந்த குரலில். டெல்மா சுட்டாள். கரடி இரண்டு எட்டு முன்னால் வைத்து, சரிந்து, கிடந்தது. குறி தப்பவில்லை, இரண்டாவது தோட்டா தேவைப்படவில்லை. ஆனால் அது விழுந்த இடத்துக்கு அப்பால் அதன் தடங்கள், யாரும் மிதிக்காமல், வரிசையாகக் காத்திருந்தன.

நிகிஃபோர் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "ஏன்?" என்று மட்டும் கேட்டான்.

"ஆசைன்னுதான் நெனச்சேன்," என்றாள் டெல்மா. "இல்ல. என்ன ஆகும்னு பாக்கணும்னு இருந்துது."

அவர்கள் மேட்டிலிருந்து இறங்கிவந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரடிக்கு முன்னாலிருந்த முதல் தடம் ஆழமாக அமுங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஈர மண் பிதுங்க, அறுநூறு கிலோ கனம் ஒன்று நிதானமாக நடந்து புதருக்குள் போனது. கரடியோ அவர்கள் காலடியில், உடல்சூடு ஆறாமல் கிடந்தது. நிகிஃபோர் கத்தியை எடுத்துத் தோலுரிக்கத் தொடங்கினான். இரண்டு நாள் அவன் டெல்மாவிடம் பேசவில்லை. விமானம் வந்ததும் தோலையும் மண்டையோட்டையும் ஏற்றிவிட்டு, "பத்திரமா போங்க," என்றான். அவள் கைநீட்டினாள், கழுவாத கை என்று சொல்லி அவன் குலுக்கவில்லை.

டெல்மா வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தாளோ அதன் தோலைச் சுவரில் மாட்டினாள். மாட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டாள். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அது ஆத்துக்கு வந்திருக்கு," என்றது நிகிஃபோரின் குரல்.

"எது?"

"நீங்க சுட்டது. தடம் மட்டும்தான் தெரியுது."

டெல்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் மீன் அதிகம். மத்த கரடிங்க அதுக்கு எடம் விட்டுத்தான் நிக்குதுங்க."

பேசி முடித்ததும் ஆர்லின் சொன்னான்: "செத்த கரடிய ஃபோன்ல நலம் விசாரிக்கிற பொம்பளய இப்பதான் பாக்கறேன்." ஆனால் அக்டோபரில், சுவரிலிருந்த தோலின் ரோமம் குளிர்காலத்துக்கு அடர்ந்துவருவதை முதலில் கவனித்தது அவன்தான். வசந்தத்தில் அது உதிரும்போது, முணுமுணுக்காமல் தரையைக் கூட்டியவனும் அவன்தான்.

அடுத்த கோடையில் டெல்மா துப்பாக்கி இல்லாமல் ஊசிமுனைக்குப் போனாள், அதற்கடுத்த கோடையிலும் போனாள். பரஸ்கோவாவின் வீட்டில் தங்கினாள், மீன் கீறித் தொங்கவிட்டாள்; அவள் கத்தி வேலையைப் பார்த்து ஊர்ப் பெண்கள் தங்கள் மீனையும் கொண்டுவந்து போட்டார்கள். பகலில் தடத்தோடு நடந்தாள். அது எங்கே படுக்கிறது, எந்த மரத்தில் முதுகு தேய்க்கிறது, எந்தப் பெண் கரடியைத் தேடி மூன்று மலை தாண்டுகிறது என்று கற்றுக்கொண்டாள். நான்காம் வருடம் சில குட்டிகள் காய்ந்த புல் நிறத்தில் பிறந்தன. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நிகிஃபோர் முதலில் அவளுக்குப் பத்தடி பின்னால் வந்தான், பிறகு பக்கத்தில் வந்தான். ஆறாம் வருடம் ஒரு நாள், கேட்காமலே, "சுட்டா என்ன ஆகும்னு நானும் பாக்கணும்னுதான் நெனச்சிருந்தேன். அப்பா இருந்த வரைக்கும் தைரியம் வரல," என்றான். டெல்மா குடுவையிலிருந்து அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

எட்டாம் வருடம் வலது முன்காலின் தடம் இழுபட ஆரம்பித்தது. ஒன்பதாம் வருடம் செப்டம்பரில், ஆறு கடலில் சேருமிடத்துச் சரளைக்கல் திட்டில், தடம் நின்றது.

மறுநாள் மூவரும் அங்கே போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பரஸ்கோவா பிரோக்கை வெட்டிக் கொடுத்தாள். டெல்மாவின் கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. மூன்று மணி சுமாருக்கு இழுபட்ட தடங்கள் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டு வந்தன. கடைசித் தடத்தில் நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சரளைக்கற்கள் ஒரு பெரிய உடம்பின் நீளத்துக்குச் சரசரத்துக் கீழே இறங்கின. டெல்மா எழுந்து போய்ப் பக்கத்தில் மண்டியிட்டு, கல்லுக்கு ஒரு முழம் மேலே கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. அது ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்ததும் கழுகுகள் இறங்கின. ஆறேழு கழுகுகள், பின்னால் ஒரு நரி. வெறும் கல்லின் மேல் நின்று, குனிந்து, இழுத்து, விழுங்கி, இடத்துக்குச் சண்டையும் போட்டுக்கொண்டன. நரி வாயைத் துடைத்துக்கொண்டு மேட்டில் படுத்தது. கழுகுகளுக்கு வயிறு நிறைந்து பறக்கச் சிரமமாக இருந்தது. தத்தித் தத்தித்தான் எழும்பின. கடல் ஏறிக்கொண்டிருந்தது. "கெளம்பலாம், படகு மெதந்து போயிடும்," என்றாள் பரஸ்கோவா. நிகிஃபோர் கையை நீட்டினான், டெல்மா அதைப் பிடித்து எழுந்தாள். மூவரும் படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள்.